குடலை நீட்டுவதா, பிடித்துத் தைப்பதா?

குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துப்போன பச்சிளம் குழந்தைக்கு அவசர அறுவை நடக்கிறது. முடித்துவிட்டு வெளியே வரும் மருத்துவரிடம் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு டாக்டர் எடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பல நேரம் அந்தக் கணக்கே இருக்கும்: இத்தனை சென்டிமீட்டர் சிறுகுடல் நீக்கப்பட்டது. ஆனால் அந்தக் குழந்தை வாயால் சாப்பிட்டு வளருமா என்பதை அந்த எண் சொல்லாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மிச்சமிருப்பது எந்தப் பகுதி, அதன் கடைசியில் பெருங்குடல் ஒட்டியிருக்கிறதா, இந்த மூன்றையும்தான் கேட்க வேண்டும். மிச்சமிருப்பதை 'நீட்டும்' அறுவைகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதும் அதற்குப் பிறகுதான் புரியும்.

ஆளுக்கு ஆள் குடல் நீளம் வேறு. பெரியவர்களில் மூன்று மீட்டர்க்காரரும் உண்டு, எட்டு மீட்டர்க்காரரும் உண்டு. எட்டு மீட்டரில் இரண்டு போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்று மீட்டரில் இரண்டு போனால் வாழ்க்கையே புரண்டுவிடும். சரி, மிச்சத்தை அளப்பதாவது லேசா என்றால் அதுவும் இல்லை. வயிறு திறந்திருக்கும்போதே பட்டு நூலையோ நாடாவையோ குடலின் வெளி ஓரத்தோடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளப்பார்கள். உயிருள்ள குடல் கை பட்டால் சுருங்கும், இழுத்தால் நீளும். ஒரே குடலை இரண்டு பேர் அளந்தால் இரண்டு கணக்கு வருவதில் வியப்பில்லை.

பெரியவருக்குச் சிறுகுடல் இரண்டு மீட்டருக்கும் கீழே போய்விட்டால் குறுங்குடல் நோய் என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சில் 'ஷார்ட் கட்' (short gut; 'gut' என்றால் குடல்). காதில் குறுக்குவழி என்றுதான் விழும். உண்ட உணவுக்கு நடப்பதும் ஏறத்தாழ அதுதான்: செரித்து உறிஞ்சப்படுவதற்குள் வெளியே போய்விடுகிறது. பெரியவர்களுக்கு இது வருவது குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதால், க்ரோன் என்ற குடல் அழற்சி நோய்க்காகத் திரும்பத் திரும்ப வெட்டியதால், விபத்தால். குழந்தைகளுக்குக் காரணங்கள் வேறு. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் குடல் திசு அழுகிப்போகும் நோய், குடல் முறுக்கு, வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே தள்ளியபடி பிறப்பது, குடல் இடையிடையே அடைபட்டோ அறுபட்டோ பிறப்பது.

குழந்தைகள் பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் சுமார் இரண்டரை மீட்டர். கருவின் இருபதாவது வாரத்தில் அது இதில் பாதிதான். கடைசி மாதங்களில்தான் குடல் கிடுகிடுவென்று நீள்கிறது. ஆகவே ஏழாம் மாதத்தில் பிறந்து முப்பது சென்டிமீட்டரோடு தப்பித்த குழந்தைக்கு இன்னும் வளரவேண்டிய குடல் பாக்கி இருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு அந்த முப்பது முப்பதுதான்.

எந்தப் பகுதி மிச்சம் என்பதும் முக்கியம். சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம்தான் பி12 வைட்டமினையும் பித்த உப்பையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம். இழப்புக்குப் பிறகு தன்னை மாற்றிக்கொள்ளும் திறமையும் அதற்கே அதிகம். அது போய், மேல்பகுதியான ஜெஜுனம் மட்டும் வயிற்றுத் தோலில் வாய்திறந்து நிற்கும் நோயாளிகளிடம் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். தாகம் தாங்காது. தண்ணீர் குடிப்பார்கள். குடிக்கக் குடிக்க அந்த வாயில் ஒட்டிய பை நிறையும், உடம்பு இன்னும் வற்றும். உப்பில்லாத வெறும் தண்ணீர் ஜெஜுனத்துக்குள் போனால் குடல்சுவர் தன் உப்பை அதில் கசியவிடும், வெளியே போகும்போது அந்த உப்பும் சேர்ந்து போகும். இவர்களுக்கு லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை வகுத்த கரைசல் பிரபலம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. நம் ஊர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் தத்துவமேதான், உப்பு மட்டும் தூக்கல். 'இளநீர் குடிங்க, உடம்புக்கு நல்லது' என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். இளநீரில் சோடியம் மிகக் குறைவு. இந்த நோயாளிக்கு அது ஏறத்தாழ வெறும் தண்ணீர்தான்.

1960-கள் வரை குடலில் பெரும்பகுதியை இழந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவை மருத்துவர், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய்வழி ஒன்றுமே கொடுக்காமல், இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சிரை வழியாகவே எல்லாச் சத்தையும் செலுத்தி வளர்த்துக் காட்டினார். அதே முறையில் ஒரு பச்சிளம் குழந்தையும் வளர்ந்தது. அவரும் டக்ளஸ் வில்மோரும் அதை 1968-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று செவிலியர்கள் 'டி.பி.என். (சிரைவழி முழு உணவு) போட்டாச்சா' என்று சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளும் வெள்ளைப் பைக்கு அதுதான் தொடக்கம்.

பசி தீர்ந்தது, வேறு தொல்லைகள் வந்தன. கழுத்தில் நிரந்தரமாகக் கிடக்கும் குழாய் வழியாகக் கிருமி ஏறும். ஒரு குழாய் கெட்டு, அடுத்து வேறு சிரை, பிறகு இன்னொன்று என்று போய், ஊசி போட இடமே இல்லாமல் ஆவதும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து கல்லீரல். சிரைவழி உணவிலேயே மாதக்கணக்கில் இருந்த பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகி, கல்லீரல் இறுகி, குடல் குறைவால் சாகாத குழந்தை கல்லீரல் கெட்டுச் சாகும் நிலை இருந்தது. எப்படியாவது இந்தப் பிள்ளையை வாய்வழி உணவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம் அதனால்தான். குடலை நீட்டும் யோசனையெல்லாம் அந்த அவசரத்தில் பிறந்தவை.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். 'நீட்டும் அறுவை' என்ற பெயரைக் கேட்டதும், இல்லாத குடலை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்ப்பதாகத் தோன்றும். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் நீளமும் ஆறு சென்டிமீட்டர் விட்டமும் உள்ள குழாய். அதன் உள்பரப்பு சுமார் 565 சதுர சென்டிமீட்டர். அதை நெடுக்காகப் பிளந்து இரண்டு ஒல்லிக் குழாய்களாகத் தைத்து, ஒன்றின் முனையில் மற்றதைச் சேர்த்தால் அறுபது சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் விட்டம். பரப்பு அதே 565. தையலில் போவதைக் கழித்தால் கொஞ்சம் நஷ்டமும்கூட. உறிஞ்சுவது பரப்புதான் என்றால், அறுவை முடிந்த அன்று நோயாளிக்கு லாபம் ஒன்றுமில்லை.

அப்படியானால் பலன் எங்கிருந்து வருகிறது? அகலம் குறைந்ததிலிருந்து. பாதிக்குமேல் இழந்த குடல் சும்மா இருப்பதில்லை. உள்சுவரின் குருத்துகள் நீளும், சுவர் தடிக்கும், குழாய் அகலும். உடம்பு தானே செய்துகொள்ளும் ஈடு இது. பெரியவர்களில் இரண்டு வருடம் வரை, குழந்தைகளில் அதற்கு மேலும் நடக்கும். ஆனால் அகலுவது அளவு கடந்துபோனால் கெடுதல். குடல் உணவைத் தள்ளுவது சுவர்கள் நெருங்கி வந்து பிழிவதால். பலூன்போல ஊதிய குடலில் சுவர் சுருங்கினாலும் எதிர்ச்சுவரைத் தொடாது. உணவு முன்னே போகாமல் அங்கேயே அலைமோதித் தேங்கும். தேங்கிய இடத்தில் பாக்டீரியா பெருகும். பி12-ஐ அவை தின்னும், பித்த உப்பைச் சிதைக்கும், வயிறு உப்பும், சில நேரம் குடல்சுவரைத் தாண்டி ரத்தத்திலும் கலக்கும்.

இப்படிப்பட்ட ஒரு பிள்ளை திடீரென்று குடித்தவன்போலத் தள்ளாடும், நாக்குக் குழறும். அம்மா பதறி அவசரப் பிரிவுக்குத் தூக்கிவருவாள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், ஆனால் லாக்டேட் (லாக்டிக் அமிலம்) பரிசோதனை 'நார்மல்' என்று வரும். மனித உடம்பு உண்டாக்குவது எல்-லாக்டேட், வழக்கமான சோதனை அளப்பதும் அதைத்தான். குடலில் பெருகிய பாக்டீரியா மாவுச்சத்தைப் புளிக்க வைத்து உண்டாக்குவது டி-லாக்டேட். தனியாகக் கேட்டால்தான் அதை அளப்பார்கள். முதல் நாள் பள்ளி விழாவில் பிள்ளை இனிப்பு ஜூஸ் குடித்ததா என்று கேட்கத் தெரிந்த மருத்துவர் அங்கே இருந்தால் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம்.

குறுங்குடல் நோயில் உணவு வேகமாக ஓடுகிறது என்பது ஒரு உண்மை. வீங்கிய இடத்தில் அது தேங்கி நிற்கிறது என்பது இன்னொரு உண்மை. பழைய அறுவை மருத்துவர்கள் முதல் உண்மையை மட்டும் பார்த்தார்கள். ஓட்டத்துக்குத் தடைபோட, குடலில் அரைச் சாண் அளவை வெட்டித் தலைகீழாகத் திருப்பிவைத்துத் தைத்தார்கள். அது எதிர்த்திசையில் தள்ளும், உணவு தயங்கித் தயங்கிப் போகும். சில பெரியவர்களுக்கு இன்றும் இதைச் செய்கிறார்கள். வீங்கிய குடலோடு வரும் குழந்தைக்கோ இது கேடு. அங்கே வேண்டியது தையல்காரர் வேலை, அதாவது தொளதொளவென்று இருக்கும் சட்டையைப் பிடித்துத் தைப்பது. தையல்காரருக்கு மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிடலாம், இங்கே ஒரு சதுர சென்டிமீட்டரையும் எறிய மனம் வராது. எறியாமல் எப்படிப் பிடித்துத் தைப்பது என்பதுதான் புதிர்.

முதல் விடையைச் சொன்னவர் ஏட்ரியன் பியாங்கி. மால்டா தீவுக்காரர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் குழந்தை அறுவை மருத்துவர். குடலைத் தாங்கும் மெசென்ட்ரி என்ற மடிப்பு இரண்டு ஏடுகளாலானது. அதன் வழியே வரும் ரத்தக்குழாய்கள் குடலைத் தொடும் முன்பே கிளைபிரிந்து, ஒரு கிளை இடப்பாதிக்கும் மற்றொன்று வலப்பாதிக்கும் போகின்றன. அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே ரத்தக்குழாய் இல்லாத ஒரு சந்து இருக்கிறது. பியாங்கி அந்தச் சந்துக்குள் புகுந்தார். குடலை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பாதிக்கும் ரத்தம் தொடர்ந்து போகும். ஒவ்வொரு பாதியையும் சுருட்டிக் குழாயாகத் தைத்து, முனையோடு முனை சேர்த்துவிடலாம். பன்றிகளில் செய்து பார்த்து 1980-ல் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கு இதைச் செய்த செய்தி வெளிவந்தது.

யோசனை அழகு, கைவேலை கடினம். அந்தச் சந்தில் பிரிக்கும்போது ஒரு கிளை அறுந்தாலும் அந்தத் துண்டு கறுத்துவிடும். நீளநெடுகத் தையல், ஏற்கெனவே பல அறுவைகளால் ஒட்டிப்போன வயிறு, தையல் கசியும் பயம். குடல் சீராக அகன்றிருந்தால்தான் செய்ய முடியும். ஒருமுறை பிளந்த குடல் மறுபடி வீங்கினால் திரும்பப் பிளக்க முடியாது. பாதிக்குப் போகும் ரத்தக்குழாய் இனிமேல் கிளைபிரியாது.

இருபது வருடத்துக்கு மேல் இதுவே வழியாக இருந்தது. 2003-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஹியுங் பே கிம், டாம் ஜாக்சிச் முதலானோர் வேறு வழி சொன்னார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'ஸ்டெப்' ஆகிவிட்டது. விளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, கோயில் திருவிழாவுக்குச் சிறுவர்கள் வெட்டும் வண்ணத்தாள் தோரணம். தாளின் இந்த ஓரத்திலிருந்து உள்ளே ஒரு வெட்டு, முழுக்கப் போகாமல் நிறுத்திவிட வேண்டும். அடுத்தது எதிர் ஓரத்திலிருந்து. மறுபடி இந்த ஓரம். பிறகு இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் தாள் நெளிநெளியாக நீளும். கத்தரிக்குப் பதில் அறுவை ஸ்டேப்ளர். ஒரே அழுத்தலில் வெட்டின் இருபுறமும் டைட்டானியம் பின்களை வரிசையாக அடித்து, நடுவே கத்தி ஓடிவிடும். வீங்கிய குடலின் ஓரத்தில் முதலில் மையால் கோடு போட்டுக்கொள்வார்கள், வேலையின் நடுவே குடல் திருகிக்கொள்ளாமல் இருக்க. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நடுவில் விடும் பாதை பொதுவாக இரண்டு சென்டிமீட்டர் அகலம். ரத்தக்குழாய்களும் குறுக்காகவே ஓடுவதால் வெட்டு அவற்றுக்கு இணையாகப் போகிறது, அறுப்பதில்லை. குடலைத் திறக்கவே வேண்டாம் என்பதால் உள்ளிருக்கும் அழுக்கு வயிற்றுக்குள் சிந்தும் அபாயமும் குறைவு.

ஏற்கெனவே பியாங்கி முறை செய்து மறுபடி வீங்கிய குடலுக்கும் இதைச் செய்யலாம். ஸ்டெப் செய்த குடல் வீங்கினால் இன்னொரு ஸ்டெப்பும் செய்யலாம். பியாங்கிக்கு இடம்தராத முன்சிறுகுடலிலும்கூடச் செய்திருக்கிறார்கள். ஓரளவு அனுபவமுள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடியது என்பதால் வேகமாகப் பரவியது. குறை இல்லாமல் இல்லை. ஸ்டேப்ளர் பின்களின் வரிசை கசியலாம், அந்த இடத்தில் புண்ணாகி ரத்தம் வடியலாம். குடலின் வட்டத்தசை பல இடங்களில் அறுபடுவதால் நெளிபாதையில் தள்ளும் அலை எவ்வளவு ஒழுங்காக ஓடும் என்ற வாதமும் உண்டு.

அந்த வாதத்திலிருந்து வந்தது மூன்றாவது முறை. ஹங்கேரியைச் சேர்ந்த தமாஸ் செர்னி 2011-ல் சொன்னது. துணிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக்குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒரு சாய்கோடு சுற்றிச் சுற்றி ஓடும். அந்தக் கோட்டோடு பிரித்து, இழுத்து, ஒல்லியாகத் திரும்பச் சுற்றினால் குழாய் நீளும். குடலையும் அப்படிச் சுருள்வெட்டாக வெட்டி, உள்ளே ஒரு குழாயை வைத்து அதன்மேல் நீட்டித் தைப்பது. தசைநார்களின் போக்கு அவ்வளவாக மாறாது, குடல் மிக அதிகமாக வீங்கியிருக்க வேண்டியதும் இல்லை. மனிதருக்குச் செய்த முதல் பதிவு 2014-ல். அனுபவம் இன்னும் சிறிதுதான்.

மூன்றுக்கும் பொது நிபந்தனை ஒன்று: வீங்கிய குடல் வேண்டும். வீங்காத குட்டைக் குடலோடு வருகிறவருக்கு இவை எதுவும் இல்லை. அதனால்தான் இது பெரும்பாலும் குழந்தைகள் அறுவையாகவே இருக்கிறது. வேண்டுமென்றே குடலை வீங்கவைக்க, சில மையங்களில் குடல்வாயைத் தினம் கொஞ்ச நேரம் அடைத்துவைத்துப் பழக்குவார்கள். பிறந்தவுடன் நீட்டிவிடுங்கள் என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய பதிலும் இதிலேயே இருக்கிறது. குடல் தானே எவ்வளவு தேறுகிறது என்று காத்திருந்து, தேறுவது நின்று, வீக்கம் தொல்லை தரத் தொடங்கும்போதுதான் கத்திக்கு நேரம். கல்லீரல் இறுகி முற்றிப்போனால் அந்த நேரமும் தாண்டிவிடும்.

எத்தனை பேருக்குப் பலிக்கிறது? ஸ்டெப் செய்துகொண்டவர்களுக்கென்று 2004-ல் தொடங்கிய பன்னாட்டுப் பதிவேடு, 111 பேரைப் பற்றி 2013-ல் அறிக்கை தந்தது. சிரைவழி உணவை முற்றிலும் விட்டவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். முன்பே குடல் நீளம் கூடுதலாக இருந்தவர்கள் அதிகம் தேறினார்கள். குட்டைக் குடலும் கல்லீரல் பாதிப்பும் சேர்ந்தவர்களே குடல் மாற்று அறுவைக்கோ மரணத்துக்கோ போனார்கள். இருப்பவனுக்கே கிடைக்கிறது என்று கசப்பாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாதிப்பேரும் அறுவையால் மட்டுமே தேறினார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிட்ட ஆய்வு இதில் கிடையாது. குடல் தானே தேறும் காலமும் அறுவைக்குப் பின் கழியும் காலமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. என் கணிப்பு, அறுவை கதவைத் திறந்துவிடுகிறது, நடந்து போவது குடல்தான்.

இதே காலத்தில் கத்தியில்லாத பக்கமும் மாறியது. சிரைவழி உணவில் சேர்க்கும் சோயா எண்ணெய்க் கொழுப்பே கல்லீரலைக் கெடுப்பதில் பெரும்பங்கு என்று தெரிந்து, அதைக் குறைத்தார்கள், அல்லது மீன் எண்ணெய்க் கொழுப்புக்கு மாறினார்கள். பாஸ்டன் குழு இதில் முன்னணி. குழந்தைகளுக்கான மீன் எண்ணெய்க் கொழுப்புக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குழாய் அடைப்புக்கும் கிருமிக்கும் நல்ல தடுப்புகள் வந்தன. குடல்சுவரைத் தடிக்கவைக்கும் டெடுகுளுடைட் என்ற ஊசிமருந்து 2012-ல் பெரியவர்களுக்கும் 2019-ல் குழந்தைகளுக்கும் அங்கே அனுமதிக்கப்பட்டது. கல்லீரல் தப்பியதால் காத்திருக்க அவகாசம் கிடைத்தது. அமெரிக்காவில் சிறுகுடல் மாற்று அறுவைகளின் எண்ணிக்கை 2007-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

இந்தியாவில் நிலைமை வேறு. வீட்டிலேயே வருடக்கணக்கில் சிரைவழி உணவு என்ற ஏற்பாடு இங்கே அபூர்வம். கிருமியில்லாமல் கலந்த பை, அதை வைக்க ஃபிரிட்ஜ், பம்ப், நடுராத்திரி காய்ச்சல் வந்தால் ஓட ஓர் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் கையிலிருந்து பணம். சென்னையிலும் கொச்சியிலும் சிறுகுடல் மாற்று அறுவைகள் நடந்திருக்கின்றன. உயிரோடிருக்கும் உறவினரின் குடலில் ஒரு பகுதியை எடுத்து வைத்ததும் உண்டு. ஆனால் மாற்றிய குடலை உடம்பு ஏற்றுக்கொண்டே இருப்பது, சிறுநீரகம்போல எளிதல்ல. அப்படிப் பார்த்தால், இருக்கும் குடலையே ஒழுங்குபடுத்தும் ஸ்டெப் போன்ற வழிக்கு மதிப்பு இங்கேதான் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தியக் குழந்தை அறுவை மருத்துவர்கள் செய்து பதிவும் செய்திருக்கிறார்கள். இல்லாதது, அறுவைக்கு முன்னும் பின்னும் வருடக்கணக்கில் ஒரே குழுவின் கையில் பிள்ளை இருப்பது. உணவியலாளர், குழாயைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர், வாயால் சாப்பிட்டே பழகாத பிள்ளைக்குச் சப்பவும் மெல்லவும் சொல்லிக்கொடுப்பவர், இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்.

பலித்ததா என்று தெரிய சில மாதங்கள் ஆகும். ரத்தத்தில் சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தைப் பார்ப்பார்கள். அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது சிறுகுடல் செல்கள் என்பதால், வேலைசெய்யும் குடல் எவ்வளவு என்பதற்கு அது ஒரு குத்துமதிப்பு. வீட்டில் கணக்கு இன்னும் எளிது. வாரத்தில் ஏழு இரவும் ஓடிய டிரிப்பை ஆறாக்குவார்கள். எடை இறங்காமல் நின்றால், சிறுநீரில் சோடியம் குறையாமல் இருந்தால், ஐந்து. எடை சறுக்கினால் மறுபடி ஆறு. தராசும் நோட்டுப் புத்தகமும் கட்டில் பக்கத்திலேயே கிடக்கும். பம்ப் ஓடாத முதல் இரவில் அந்தச் சத்தம் இல்லாமல் பெற்றோருக்குத் தூக்கம் வராது.